மாடியில் ஒலிவச் செடி: வேம், சூடோமோனாஸ், டிரைகோடெர்மா எல்லாம் எப்படிப் போடுவது?

வேளச்சேரி கலா:

வணக்கம். எங்கள் மொட்டை மாடியில் ஒரு ஒலிவச் செடி இருக்கிறது. பெங்களூரு நர்சரி ஒன்றில் வாங்கி அக்கா காரில் கொண்டுவந்து கொடுத்தாள். பைபிளில் படித்த மரம் நம் வீட்டில் நிற்கிறதே என்று அம்மாவுக்கு அதன்மேல் அவ்வளவு பிரியம். காலையில் எழுந்ததும் அதைத்தான் போய்ப் பார்ப்பார்.

இடுப்பளவு உயரம், சிமெண்ட் தொட்டி. செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மாட்டெரு மூன்றும் சம அளவு கலந்திருக்கிறேன். தண்ணீர் போர் தண்ணீர்தான், வாளியில் வெள்ளையாக உப்பு படியும். நர்சரியில் சொன்னபடி மாதாமாதம் கொஞ்சம் டிஏபி உரம் போடுகிறேன். கொஞ்ச நாளாக இலை நுனி கருகுகிறது, புதுத் துளிர் வரவே இல்லை. வேம் (VAM), சூடோமோனாஸ், டிரைகோடெர்மா, அசோஸ்பைரில்லம் என்று கடையில் பாக்கெட்டில் விற்கும் நான்கு நுண்ணுயிர்களையும் வெல்லத் தண்ணீரில் கரைத்து ஊற்றச் சொல்லி வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சொன்னார். பாக்கெட்டுகள் வாங்கி வைத்துவிட்டேன். அப்படியே ஊற்றலாமா? அம்மாவுக்காகவாவது இதைக் காப்பாற்ற வேண்டும்.

அம்பத்தூர் மாடித்தோட்டம்:

கலா, முதலில் அது நிஜமான ஒலிவம்தானா என்று பாருங்கள். வெரளிக்காய் மரத்தையும் சிலோன் ஆலிவ் என்று விற்கிறார்கள். வெரளி இலை அகலமாக இருக்கும், உதிரும் முன் சிவக்கும். ஒலிவ இலை ஒடுக்கமாக, ஜோடி ஜோடியாக எதிரெதிரே இருக்கும், அடிப்பக்கம் வெள்ளி பூசியதுபோல் தெரியும்.

ஒலிவமாக இருந்தால் ஜீவாமிர்தம் (சாணம், கோமியம், வெல்லம் எல்லாம் சேர்த்துப் புளிக்கவைத்த கரைசல்) கொடுத்துப் பாருங்கள். என் எலுமிச்சையும் கறிவேப்பிலையும் அதில்தான் செழித்து நிற்கின்றன.

போரூர் செம்மண்:

கலாம்மா, உயிர் உரம் தயாரிக்கும் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். பாக்கெட்டைப் பிரிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான்கையும் ஒன்றாகக் கரைக்க வேண்டாம். நான்கும் நான்கு விதமான உயிர்கள். அதில் வேம் என்பது உயிருள்ள வேர் இல்லாவிட்டால் வளரவே முடியாத பூஞ்சை. கூடத்தில் அதைத் தனியாகப் பெருக்க முடியாது. வெர்மிகுலைட் என்ற கனிமத் துகளில் மக்காச்சோளம் வளர்த்து, அதன் வேரில்தான் பெருக்குவோம். நீங்கள் வாங்கியிருக்கும் பாக்கெட்டில் இருப்பது அந்த வெர்மிகுலைட்டும் வேர்த்துண்டுகளும்தான். வெல்லம் அதற்கு எந்த வகையிலும் உதவாது. மேல்மண்ணில் ஊற்றினால் பெரும்பகுதி மேலேயே தங்கிவிடும். அது வேரைத் தொட வேண்டும். தொட்டால் வேருக்குள் புகுந்து, வெளியே மெல்லிய இழைகளை மண்ணுக்குள் நீட்டும். வேர் எட்டாத இடத்திலிருந்தும் மணிச்சத்து (பாஸ்பரஸ்), துத்தநாகம், தண்ணீர் எல்லாம் அந்த இழை வழியாக வரும். ஒலிவம் இந்தப் பூஞ்சையோடு நன்றாகவே சேரும் மரம்.

ஆனால் டிஏபி போடுகிறீர்களே, அங்கேதான் சிக்கல். அதில் மணிச்சத்து நிறைய. மண்ணில் மணிச்சத்து தாராளமாக இருந்தால் செடி இந்தப் பூஞ்சையை வேருக்குள் அவ்வளவாகச் சேர்த்துக்கொள்ளாது. டிஏபியை இன்றோடு நிறுத்துங்கள்.

அடுத்தது தொட்டி மண். நார்க்கழிவும் எருவும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கு என்றால் ஒலிவத்துக்கு ஈரம் மிக அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தத் தொட்டி நாள் கணக்கில் ஊறிக் கிடக்கும். காற்றில்லாத ஈரத்தில் வேரழுகல் வரும், எந்தப் பாக்கெட்டும் அதைத் தடுத்துவிடாது. நன்மை செய்யும் நுண்ணுயிர்களுக்கும் மூச்சு விடக் காற்று வேண்டும். இதை நான் வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருப்பேன், பாக்கெட் வாங்கியவர்கள் மண்ணைப் பார்ப்பதே இல்லை.

இப்போது ஆடி. மழைக்கு முன் வேர் பிடிக்க நேரம் இருக்கிறது, தொட்டியை மாற்றிவிடுங்கள். செம்மண் இரண்டு பங்கு, பெருமணலும் உடைத்த செங்கல் ஜல்லியும் சேர்ந்து இரண்டு பங்கு, நன்றாக மக்கிய எரு ஒரு பங்கு. நார்க்கழிவு வேண்டாம். தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

எருவைக் கலப்பதற்குப் பதினைந்து நாள் முன்பே அதில் டிரைகோடெர்மாவைக் கலந்து, லேசாக ஈரப்படுத்தி, நிழலில் சாக்கு போட்டு மூடி வையுங்கள். எரு முழுக்க அது பரவிவிடும். அழுகல் பூஞ்சைகளைத் தின்று வாழும் பூஞ்சை அது. செடியை மாற்றும் அன்று, நடுகிற கன்றுக்கு 20 கிராம் என்பது வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் வேம் அளவு. அதைக் குழியில், வேர் உட்காரும் இடத்தில் தூவுங்கள். பக்கத்திலேயே நாலு மக்காச்சோள விதை ஊன்றினால் அந்த வேரிலும் பூஞ்சை பெருகும். கொஞ்சம் வளர்ந்ததும் தரையோடு வெட்டிவிடுங்கள், பிடுங்க வேண்டாம்.

சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவைப் பத்து நாள் கழித்துத் தண்ணீரில் கலந்து வேர்ப்பகுதியில் ஊற்றுங்கள். மண்ணில் இருக்கும் இரும்புச்சத்தை அது முந்திப் பிடித்துக்கொள்ளும், நோய்ப் பூஞ்சைக்கு மிஞ்சாது. ஸ்பெயினில் கோர்தோபா பகுதியில் ஒலிவ வேரிலிருந்தே ஒரு சூடோமோனாஸைப் பிரித்தெடுத்தார்கள், பெயர் பிஐசிஎஃப்7. வெர்டிசீலியம் என்ற மண் பூஞ்சையால் வரும் வாடல் நோய்க்கு எதிராக அதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். நோய் வருவதற்கு முன்பே வேரில் குடியேறிவிட்டால்தான் அதற்குப் பலன். நம் கடைகளில் கிடைக்கும் பிஎஃப்1 வேறு ரகம், கோயம்புத்தூரில் உருவானது. அந்த வாடல் நோய் குளிர்ந்த மண்ணை விரும்புவது, சென்னை மாடியில் அதற்குப் பயப்பட வேண்டாம். இங்கே நமக்கு எதிரி மழைக்கால வேரழுகல்தான்.

அசோஸ்பைரில்லத்தை உங்கள் கத்தரி, வெண்டைக்குக் கொடுங்கள்.

இலை நுனி கருகுவது பெரும்பாலும் உப்பினால். மழை பெய்தால் பிடித்து வைத்து, தொட்டியின் அடியில் ஒழுகும்வரை ஊற்றிக் கழுவுங்கள். வேம் இருந்தால் செடி உப்பைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆனாலும் உப்பு போய்த்தான் ஆக வேண்டும்.

கார்பென்டாசிம், காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லி மருந்துகள் இரண்டையும் அந்தத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். காசு கொடுத்து வாங்கிவிட்ட பூஞ்சையை நாமே கொல்வதாகிவிடும்.

அம்பத்தூர் நண்பருக்கு: ஜீவாமிர்தம் நல்லதுதான், தரையில் நிற்கும் மரத்துக்கு நானும் கொடுப்பேன். ஏற்கெனவே ஊறிப்போன தொட்டியில் இப்போது வேண்டாம் என்பது என் கருத்து.

வேளச்சேரி கலா:

ரொம்ப நன்றி ஐயா. இலையைத் திருப்பிப் பார்த்தேன், வெள்ளியாகத்தான் இருக்கிறது. எருவுக்கு இன்றே சாக்கு போட்டு மூடிவிடுகிறேன். இன்னொன்று கேட்கிறேன்: இதெல்லாம் செய்தால் காய்க்குமா? அம்மா தினமும் கேட்கிறார்.

திருவான்மியூர் நெய்தல்:

கலா, வேம் பாக்கெட்டில் காலாவதித் தேதியைப் பாருங்கள். எங்கள் பகுதியில் ஒரு கடையில் வெயில் படும் ஜன்னலிலேயே அடுக்கி வைத்திருந்தார்கள். அதில் எது உயிரோடு இருக்கும்?

போரூர் செம்மண்:

நெய்தல் சொல்வது முக்கியம். நிழலில் வைத்த புது பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

காய்ப்பதைப் பற்றி: ஒலிவம் பூக்கக் குளிர்காலம் வேண்டும், அதுவும் வாரக் கணக்கில் நல்ல குளிர். சென்னையில் தை மாத இரவுகூடப் பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழே போவதில்லை. ராஜஸ்தானில் 2008-இல் இஸ்ரேலிலிருந்து கன்று கொண்டுவந்து நட்டார்கள். பிகானேர் பக்கம் லூண்கரன்சரில் எண்ணெய் ஆலையே வந்தது. அங்கே வறண்ட காற்று, குளிர்ந்த இரவு. அந்தக் குளிரை நுண்ணுயிரால் தர முடியாது. அம்மாவிடம் காய்க்கும் என்று சொல்ல வேண்டாம். இலைக்காகவே பார்த்து மகிழ வேண்டிய மரம் இது, நல்ல மண்ணில் பல்லாண்டு நிற்கும்.

செடியைத் தொட்டியிலிருந்து எடுக்கும்போது வேரைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். வெள்ளையாக இருந்தால் அப்படியே நடலாம். பழுப்பாகி, தொட்டால் தோல் உரிந்து வந்தால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள், எவ்வளவு வெட்ட வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.