உதவி: குழந்தைக்குத் தைக்கும் குவில்ட்டின் பின்பக்கம் கொசுவம் போல மடிகிறது

கேட்டவர்

தையல் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். தங்கைக்கு முதல் குழந்தை பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. அம்மா கட்டிய மூன்று பருத்திப் புடவைகளை வெட்டி, வரப்போகும் குழந்தைக்கு ஒரு குவில்ட் (நடுவில் பஞ்சு வைத்த ஒட்டுத்துணிப் போர்வை) தைத்துக்கொண்டிருக்கிறேன். பாட்டியின் மடி அதற்குக் கிடைக்காது, புடவையாவது உடம்பில் படட்டும் என்று ஓர் ஆசை.

வரிசைக்கு எட்டாக எட்டு வரிசை, மொத்தம் 64 சதுரம். தைத்து முடித்தபின் ஒவ்வொன்றும் 5 அங்குலம், முழு அளவு 40 அங்குலம். மேல்துணி நன்றாகவே வந்தது. நடுவில் பருத்திப் பஞ்சு விரிப்பு, அடியில் புதிதாக வாங்கிய வெள்ளைப் பருத்தி. மூன்றையும் சேர்த்துத் தைக்கும்போதுதான் சிக்கல். சதுரங்களின் இணைப்பின் மேலேயே நேர்கோடாகத் தைக்கிறேன். ஒரு ஓரத்தில் ஆரம்பித்து ஒரே திசையில் நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு ஆகியிருக்கிறது. மேலே துணி அலை அலையாக எழும்புகிறது. திருப்பிப் பார்த்தால் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இரண்டு இடத்தில் அடித்துணி கொசுவம் வைத்தது போல மடிந்து, மடிப்பின் மேலேயே தையல் ஏறியிருக்கிறது.

முழுதாகப் பிரிக்க வேண்டுமா? அம்மாவின் புடவை கிழிந்துவிடுமோ என்று கை வரவில்லை.

பதில் 1

பயப்படாதீர்கள் சகோதரி, இது சரியாகிவிடும். முதலில் இரண்டு விஷயம் சொல்லுங்கள். மூன்று அடுக்கையும் எப்படிச் சேர்த்துப் பிடித்தீர்கள், ஊக்கா, நூலா? அடித்துணியைத் துவைத்துவிட்டுப் போட்டீர்களா?

கேட்டவர்

ஊக்குதான் அக்கா. நான்கு மூலையிலும், நடுவிலும், அங்கங்கே சிலதும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் 10 அங்குலம் இடைவெளி இருக்கும். கட்டில் மேல் விரித்துக் குத்தினேன். அடித்துணியைத் துவைக்கவில்லை, புதுசுதானே என்று விட்டுவிட்டேன்.

பதில் 1

அப்படியானால் பிரித்துவிடுங்கள். ஐந்து கோடுதான் ஆகியிருக்கிறது, இப்போது பிரிப்பது நல்லது.

உங்களுக்கு வந்திருப்பது தனித்தனியாக இரண்டு கோளாறு. மேலே அலை எழும்புவது மெஷினால் வருவது. அடியில் இருக்கும் பல் அடித்துணியை மட்டும்தான் பிடித்து நகர்த்தும். மேலே ஃபுட், அதாவது ஊசியைச் சுற்றித் துணியை அமுக்கிப் பிடிக்கும் பாதம், அழுத்திக்கொண்டிருப்பதால் மேல்துணி பின்தங்கும். பின்தங்கியது கொஞ்சம் கொஞ்சமாக ஊசிக்கு முன்னால் சேர்ந்து, குறுக்குக் கோடு வந்ததும் போக இடமில்லாமல் மடிந்துவிடும். பின்பக்கக் கொசுவத்துக்கு மெஷின் காரணமில்லை. அடித்துணி தளர்வாக இருந்திருக்கிறது. கட்டில் மெத்தை அமுங்கும், அதன் மேல் துணியை நேராகப் பிடிக்கவே முடியாது.

பிரிக்கும்போது அடிப்பக்கத்திலிருந்து பிரியுங்கள். மூன்று, நான்கு தையலுக்கு ஒன்றாகக் கீழ்நூலை வெட்டிக்கொண்டே போனால், மேல்நூல் முழு நீளமாகக் கையோடு வந்துவிடும். பிளேடு புடவைப் பக்கம் போகவே போகாது. ஊசித் துளை தெரிந்தால் லேசாக ஈரம் செய்து நகத்தால் குறுக்காகத் தேய்த்து இஸ்திரி போடுங்கள், மூடிக்கொள்ளும்.

அப்புறம் அடித்துணியைத் துவைத்துக் காயவையுங்கள். புதுப் பருத்தி முதல் துவையலில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கலாம். உங்கள் புடவை எத்தனையோ வருடம் துவைத்தது, அது இனிமேல் சுருங்காது. சுருங்காததோடு சுருங்குவதைச் சேர்த்துத் தைத்தால், முதல் துவையலிலேயே புடவைப் பக்கம் பொம்மிக்கொண்டு நிற்கும். துவைத்த பிறகும் அடித்துணி மேல்துணியைவிட எல்லாப் பக்கமும் 2 அங்குலமாவது கூடுதலாக இருக்கவேண்டும்.

இனி தரையில் வேலை. அடித்துணியைத் தரையில் விரித்து ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். விறைப்பாக இருக்கவேண்டும், ஆனால் இழுத்து நீட்டக் கூடாது. நீட்டி ஒட்டினால் டேப்பை எடுத்ததும் சுருண்டுகொள்ளும். அதன்மேல் பஞ்சு, அதன்மேல் மேல்துணி. ஒவ்வொன்றையும் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தடவிவிடுங்கள். ஊக்கும் நடுவிலிருந்துதான். உள்ளங்கையை எங்கே வைத்தாலும் கீழே ஒரு ஊக்கு தட்டுப்படவேண்டும். அதாவது 4 அங்குலத்துக்கு ஒன்று. சுமார் நூறு ஊக்கு வேண்டியிருக்கும்.

வாக்கிங் ஃபுட் என்று ஒன்று உண்டு, அதற்கும் பல் இருக்கும், மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும். கிடைத்தால் அதைப் போடுங்கள். கிடைக்காவிட்டால் ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைத்து, தையல் நீளத்தை 3 மில்லிமீட்டராக்கி, மெதுவாக ஓட்டுங்கள். முதல் கோடு நடுவில், அடுத்தது அதற்குக் குறுக்காக நடுவில். அந்த இரண்டும் ஆனபின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வாருங்கள்.

பதில் 2

நான் கையால் தைப்பவள். அக்கா சொன்னதோடு ஒன்றே ஒன்று. பழைய புடவை எல்லா இடத்திலும் ஒரே பலத்தோடு இருக்காது. ஒவ்வொரு சதுரத்தையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இழை விலகி வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது நைந்துபோன இடம். இரண்டு பெருவிரலாலும் லேசாக இழுத்தால் 'சர்'ரென்று ஒரு சத்தம் வரும், அதுவும் அடையாளம். அந்தச் சதுரத்தை வெட்டி எடுக்க வேண்டாம். மேல்துணி தனியாகக் கையில் இருக்கும் இப்போதே, அதன் பின்பக்கம் அதே அளவில் மெல்லிய பருத்தித் துணி ஒன்றை வைத்து நாலு ஓரமும் ஓட்டுத் தையல் போட்டுவிடுங்கள். அம்மாவின் துணி முன்னால் அப்படியே தெரியும், பாரத்தைப் பின்துணி தாங்கிக்கொள்ளும்.

புடவையில் அடர் சிவப்பு ஏதாவது இருக்கிறதா? இருந்தால் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். அடித்துணி வேறு வெள்ளை.

கேட்டவர்

அரக்கு நிறத்தில் ஒன்று இருக்கிறது. இப்போதே தேய்த்துப் பார்த்தேன், சாயம் ஒட்டவில்லை. வெளிச்சத்தில் பிடித்ததில் ஐந்து சதுரம் நைந்திருக்கிறது. இன்னொரு கேள்வி. அம்மாவின் ரவிக்கையிலிருந்து நான்கு பித்தான்களை எடுத்து வைத்திருக்கிறேன், மூலைக்கு ஒன்றாகத் தைக்கலாமா? குழந்தை தூங்கும்போது போர்த்த எவ்வளவு கனம் சரி?

பதில் 3

இந்த இரண்டுக்கும் நான் பதில் சொல்கிறேன், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதீர்கள். பித்தான் வேண்டாம். எவ்வளவு இறுக்கித் தைத்தாலும் ஒருநாள் நூல் அறும். குழந்தை கைக்கு வருவதெல்லாம் வாய்க்குத்தான் போகும், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

தூங்கும்போது போர்த்தவும் வேண்டாம். முதல் ஒரு வருடம் குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை, குவில்ட், தலையணை எதுவும் இருக்கக் கூடாது என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். முகத்தை மூடிக்கொண்டால் அதற்கு விலக்கத் தெரியாது. அதற்காக இந்தக் குவில்ட் வீணாகிவிடாது. விழித்திருக்கும் நேரத்தில், யாராவது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தரையில் இதை விரித்துக் குப்புறப் படுக்கவிடலாம். தங்கையிடம் கொடுக்கும்போதே இதைச் சொல்லிக் கொடுங்கள்.

முக்கியமாக, எத்தனை ஊக்கு குத்தினீர்கள் என்று எண்ணி எழுதி வையுங்கள். கழற்றும்போது அதே எண்ணிக்கை வரவேண்டும்.

கேட்டவர்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், எல்லாரும் மன்னிக்கணும். பிரித்தேன், புடவைக்கு ஒன்றும் ஆகவில்லை. துவைத்ததில் அடித்துணி 46 அங்குலத்திலிருந்து 44-க்குச் சற்று மேலே வந்து நின்றது. அதைப் பார்த்தபோதுதான் அக்கா சொன்னதன் அருமை புரிந்தது. நைந்த ஐந்துக்கும் பின்துணி கொடுத்தேன். தரையில் டேப் ஒட்டி, 96 ஊக்கு குத்தினேன். வாக்கிங் ஃபுட் கிடைக்கவில்லை, அழுத்தத்தைக் குறைத்தே ஓட்டினேன். பதினான்கு கோடும் முடிந்தது. பின்பக்கம் கையால் தடவினால் வழவழவென்று ஓடுகிறது, ஒரு மடிப்புகூட இல்லை.

பித்தான்களைத் தங்கைக்கென்று தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிட்டேன். ஓரப்பட்டிக்கு எத்தனை அங்குலம் வெட்டட்டும்?

பதில் 1

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஓரம் நேராகத்தானே இருக்கிறது, கிராஸ் பீஸ் (துணியைச் சாய்வாக வெட்டிய பட்டி) தேவையில்லை. இரண்டரை அங்குலப் பட்டியாக வெட்டி, நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தையுங்கள். மூலை வருவதற்குக் கால் அங்குலம் முன்னாலேயே தையலை நிறுத்தி, பட்டியை மேலே மடித்து, திரும்பக் கீழே இறக்கி அடுத்த பக்கத்தைத் தொடங்குங்கள். பின்பக்கம் கையால் ஹெம்மிங் செய்துவிட்டால் உள்ளே ஒரு பிசிறும் தெரியாது.

கேட்டவர்

நன்றி அக்கா. ஊக்கு கழற்றியபோது 95 தான் வந்தது. தரை, மெஷின் அடி, சுருட்டி வைத்த பஞ்சு என்று ராத்திரி பதினொன்றரை வரை தேடினேன். கடைசியில் குவில்ட்டையே விரலால் ஒவ்வொரு சதுரமாக அழுத்திக்கொண்டு வந்தேன். மூன்றாவது வரிசையில் பூப்போட்ட சதுரத்தின் பூவுக்குள்ளேயே குத்தி நின்றது, கண்ணுக்குத் தெரியவே இல்லை. அதை எடுத்து டப்பாவில் போட்ட பிறகுதான் பட்டி வெட்ட உட்கார்ந்திருக்கிறேன்.