புதுப்பிப்பு: மேல்முறையீட்டில் வாதம் முடிந்தது

கலிபோர்னியாவில் வீட்டு ஒப்பந்த வழக்கில் தோற்றதையும், மேல்முறையீட்டில் புது ரசீதுகளைக் காட்டப்போவதையும் போன வருடம் எழுதியிருந்தேன். ரசீது விஷயம் தவறு. அதை நம்பி யாரும் இறங்கிவிடாதீர்கள். அங்கே பொதுவாகப் புதுச் சாட்சியம் எடுபடாது. கீழ்நீதிமன்ற ஆவணங்களை வைத்துத்தான் மூன்று நீதிபதிகள், சட்டப்பிழை நடந்ததா, அது முடிவைப் பாதித்ததா என்று பார்க்கிறார்கள்.

நேற்று வாதம் முடிந்து, வழக்கு தீர்ப்புக்கு ஒப்படைக்கப்பட்டது. 90 நாளுக்குள் காரணங்களோடு எழுத்தில் முடிவு வர வேண்டும்.

அப்புறம் ஒன்று. கீழ்நீதிமன்றத் தீர்ப்பு பதிவான அறிவிப்பு முறைப்படி வழங்கப்பட்டால், அன்றிலிருந்து மேல்முறையீடு செய்ய 60 நாள்தான் கெடு. தாண்டினால் வழக்கை எடுக்கவே மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அதிகாரம் கிடையாது. எங்கள் வக்கீல் 58ஆம் நாள் தாக்கல் செய்தார்; நினைத்தால் இன்னும் நெஞ்சு படபடக்கிறது.