சட்ட அறிஞர் பக்ஷியை எங்கே சந்தித்தீர்கள்?

நான் உபேந்திர பக்ஷியை நேரில் பார்த்ததில்லை. வேலூரில் சட்டம் படித்தபோது ஆசிரியர் ஒருவர் கொடுத்த, எழுத்து மங்கிய ஜெராக்ஸ் தாள்களில்தான் பழக்கம். 'மதுரா வழக்கு' என்ற தலைப்பைப் பார்த்து ஏதோ கோயில் நிலத் தகராறு என்று நினைத்தேன். மதுரா ஓர் ஆதிவாசிச் சிறுமி. 1972இல் மகாராஷ்டிரத்தில், காவல் நிலையத்துக்குள்ளேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவள். உடலில் காயமில்லை, கூச்சலிடவில்லை என்று 1978இல் உச்ச நீதிமன்றம் காவலர் இருவரையும் விடுவித்தது. மறு ஆண்டு, டெல்லிப் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியரான பக்ஷியும் லோத்திகா சர்க்கார் உள்ளிட்ட மூவரும் தலைமை நீதிபதிக்கே திறந்த கடிதம் எழுதினார்கள். அஞ்சி அடங்கியதைச் சம்மதம் என்று எப்படிக் கொண்டீர்கள் என்பதுதான் அதன் சாரம். 1983இல் சட்டமே திருத்தப்பட்டது.

சத்துவாச்சாரி நீதிமன்றத்தில் என் சீனியருக்கு இதெல்லாம் பிடிக்காது. "உன் பேராசிரியருக்கு ஒரு வாய்தா வாங்கத் தெரியுமா?" என்பார். தெரியாமல் இருக்கலாம். ஆனால் 1981இல் ஆக்ரா பெண்கள் காப்பகத்தின் அவலம் பற்றி அவரும் லோத்திகாவும் எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் மனுவாகவே ஏற்றது. கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டாத கடிதம்!

அந்தத் துணிவில்தான், ஆற்காடு பக்கம் ஓர் அரிசி ஆலையில் முன்பணத்துக்காக முடங்கிக் கிடந்த இருளர் குடும்பத்துக்குக் கோட்டாட்சியரிடம் மனு எழுத உட்கார்ந்தேன். சட்டப் பிரிவுகளாலேயே முதல் பக்கம் நிரம்பிவிட்டது. படித்துக் காட்டச் சொன்ன பாட்டி, "இதில் நாங்கள் எங்கே இருக்கிறோம், சாமி?" என்றார். கிழித்துப் போட்டேன். நெல் அவிக்க எத்தனை மணிக்கு எழுந்தார்கள், பேத்திக்குக் காய்ச்சல் வந்தபோது வெளியே விட்டார்களா என்று அவர் சொன்ன வரிசையிலேயே எழுதினேன். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கடைசிப் பத்தியில் வந்தது. விசாரணை நடந்தது, விடுவிப்புச் சான்றிதழும் கிடைத்தது. சீனியர் நகலை வாங்கிப் படித்தார்; இரண்டு எழுத்துப் பிழைகளைச் சுழித்துக் கொடுத்தார். அவ்வளவுதான்.

*

வாலாஜாபேட்டையிலிருந்து ஒரு வாசகர்:

கடிதத்துக்குக் கதவு திறந்தது சரி. ஆக்ரா வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்ததையும் எழுதியிருக்கலாம். அப்படித் திறந்த பொதுநல வழக்கு என்ற கதவு வழியாகத்தான் எங்கள் பாலாற்றுத் தோல் கழிவும் டெல்லி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996இல் தீர்ப்பு வந்தது. தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை நாடு முழுக்கச் சட்ட மாணவர்கள் வேலூர் பெயர் தாங்கிய அந்த வழக்கில்தான் படிக்கிறார்கள். எங்கள் கொல்லைக் கிணற்றுத் தண்ணீரில் இன்றும் பருப்பு வேகாது.