மறு: என்ட்ரோபி ‘நோக்கர் சார்ந்தது’ – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

> ‘நோக்கர் சார்ந்தது’ என்றே போடுங்கள். மாணவர்களுக்கு உடனே புரியும்.

ஐயா, நாம் தமிழாக்கும் பாடத்தில் என்ட்ரோபி (வெளியே ஒரே நிலையில் தெரியும் பொருளுக்குள் துகள்கள் எத்தனை விதமாக அமைந்திருக்கலாம் என்பதன் அளவு) ‘நோக்கர் சார்ந்தது’, அதாவது பார்ப்பவரைப் பொறுத்தது என்று போட்டால், அவர்களுக்குத் தவறாகப் புரிகிறது என்பதுதான் என் கவலை. நேற்று இந்த வரியை வகுப்பில் படித்ததும், “அப்போ நான் கண்ணை மூடிக்கிட்டா என்ட்ரோபி மாறிடுமா மிஸ்?” என்று ஒரு மாணவி கேட்டாள். மாறாது. 0 டிகிரியில் ஒரு கிராம் பனிக்கட்டி உருகினால் அதன் என்ட்ரோபி சுமார் 1.22 ஜூல்/கெல்வின் கூடும். பக்கத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதுதான் கணக்கு.

ஆனால் மூலநூல் சொல்வதும் பொய்யில்லை. இயற்பியலாளர் கிப்ஸின் கலப்புப் புதிரைப் பாருங்கள். சம அளவுள்ள இரண்டு அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மோல் வாயு, ஒரே வெப்பநிலை. நடுத்தடுப்பை எடுக்கிறோம். இரண்டும் வெவ்வேறு வாயு என்றால் என்ட்ரோபி 11.5 ஜூல்/கெல்வின் கூடும். ஒரே வாயு என்றால் கூடவே கூடாது. சரி, அவை வேறு என்பதே யாருக்கும் தெரியாத காலத்தில்? இரண்டையும் பிரித்தறிய வழியில்லாதவர் சுழியம் என்றுதான் எழுதுவார். அவருக்குக் கைவந்த எந்தச் சோதனையும் அதைப் பொய்யாக்காது. இயற்பியலாளர் ஜேன்ஸ் வலியுறுத்தியது இதைத்தான்: எந்த மாறிகளை அளந்து கட்டுப்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது என்ட்ரோபி. அதே மாறிகளை எடுத்துக்கொண்டால் யார் கணக்குப் போட்டாலும் ஒரே விடை. அதனால் ‘விவரிப்புச் சார்பு’ என்பது என் முன்மொழிவு. நோக்கரைச் சார்பியல் பாடத்துக்கு விட்டுவிடலாம்.

> ‘என்ட்ரோபி’ என்ற சொல்லை இயற்பியலாளர் கிளாசியஸ் 1865இல் கிரேக்க ‘ட்ரோப்பே’யிலிருந்து ஆக்கினார். திரும்புதல், மாறுதல். நம் ‘திரி’யும் அதுதானே? ‘திரிவு’ என்போம்.

அண்ணா, ஒலி ஒத்துப்போவதை வைத்து வேர் ஒன்று என்று சொல்ல முடியாது. ஆனாலும் சொல் அழகு. திரிந்த பால் மீண்டும் நல்ல பாலாகாது. மீளாமை அதற்குள்ளேயே இருக்கிறது. தோன்றல், திரிதல், கெடுதல் என்று புணர்ச்சி விகாரம் வரை நீங்கள் போனதையும் ரசித்தேன். என் தயக்கம் கரும்பலகையில்தான். “திரிவு நம் தெரிவைப் பொறுத்தது” என்று எழுதினால் கடைசி பெஞ்சிலிருந்து இரண்டும் ஒன்றாகத் தெரியும். என்ட்ரோபிக்கு ‘சிதறம்’ என்ற சொல்லும் வேண்டாம். எண்ணெயும் தண்ணீரும் தானாகப் பிரியும்போதுகூட மொத்த என்ட்ரோபி கூடுகிறது. அங்கே அந்தச் சொல் பிள்ளைகளைக் குழப்பிவிடும்.

> நிகழ்தகவுக்கும் இதே கேள்வி உண்டே?

உண்டு, அங்கே இன்னும் கூர்மையாக. சுண்டிய நாணயம் என் மூடிய கைக்குள் விழுந்தாயிற்று. எட்டிப் பார்த்த எனக்கு ஐயமில்லை, உங்களுக்குப் பாதிக்குப் பாதி. ‘தகவு’ இதற்கு நல்ல சொல். குறள் 114இல் தகவு ‘எச்சத்தாற் காணப்படும்’. எஞ்சி நிற்பதைக் கொண்டு அறிவது! நிகழ்தகவைத் தொட வேண்டாம்.

ஆக, பாடத்தில் ‘என்ட்ரோபி’, ‘விவரிப்புச் சார்பு’. இன்று இரவுக்குள் மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

---

தங்கச்சி, அச்சுக்கு அனுப்பிவிடு, நாள் இல்லை. ‘விவரிப்பு’ கதை சொல்வதுபோல் இருக்கிறது, ‘அளவை’ பொருந்தும் என்று பார்க்கிறேன். அதற்காக மல்லுக்கு நிற்கவில்லை. என்ட்ரோபியை அப்படியே விடுவதைத்தான் ஏற்க முடியவில்லை. பலகையில் எழுத்தைப் பெரிதாக எழுதினால் போகிறது. என் வகுப்பில் அது திரிவுதான்.