பிள்ளைகளுக்கு அகிம்சையைக் கற்பித்தபோது நேர்ந்தவை: அனுபவப் பகிர்வு

தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பினாங்கு

ஐந்தாம் ஆண்டு நன்னெறிக் கல்வி வகுப்பில் உப்புச் சத்தியாகிரகத்தை நடத்திக்கொண்டிருந்தேன். 1930 மார்ச் 12 அன்று சபர்மதியிலிருந்து காந்தியுடன் புறப்பட்டவர்கள் ஏறக்குறைய 385 கிலோமீட்டர் நடந்து, ஏப்ரல் 6 அன்று தண்டிக் கடற்கரையில் உப்பெடுத்தது வரை வகுப்பு அமைதியாகக் கேட்டது. அடுத்து, மே மாதம் குஜராத்தின் தராசனா உப்பளத்தை நோக்கிச் சென்ற தொண்டர்கள் தடியடி பட்டதைச் சொன்னேன். அதிகம் பேசாத ஒரு மாணவன் எழுந்து, "டீச்சர், அடி விழுந்தபோது அவர்கள் கைகளை எங்கே வைத்திருந்தார்கள்?" என்று கேட்டான். தலையைக் காக்கக்கூட அவர்கள் கையை உயர்த்தவில்லை என்றேன். அவன் தன் இரு கைகளையும் மேசைமீது விரித்து வைத்து, மணி அடிக்கும்வரை அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளிப் பேருந்தில் அவன் பகடிவதைக்கு ஆளாகிறான் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. என் பாடத்திலிருந்து அவன் எதை எடுத்துக்கொண்டான் என்ற கேள்வி என்னை விடவில்லை.

ஒரு தந்தை, செந்தூல்

வகுப்புப் பணம் காணாமற்போனபோது எல்லாரும் ஒரு பையனைக் கைகாட்டினார்கள். ஓய்வு நேரம் முழுவதும் அவன் நூலகத்தில் தன் எதிரே இருந்தான் என்று என் மகள் மட்டும் சொன்னாள். தலைமையாசிரியர் அறையிலும் அதையே குரல் உயர்த்தாமல் சொன்னாள். அதன்பின் சிற்றுண்டிச்சாலையில் அவள் அருகே யாரும் உட்காரவில்லை. அன்றிரவு அவளுக்குத் தில்லையாடி வள்ளியம்மையைப் பற்றிச் சொன்னேன். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, அங்கே அறவழிப் போராட்டத்தில் சிறை சென்று, நோயுற்று, 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்த பெண் அவள். "அவளோடு யார் இருந்தார்கள், அப்பா?" என்று மகள் கேட்டாள். அவளுடைய தாயும் அந்தப் போராட்டத்தில் இருந்தார் என்றேன். என் மகள் உடனே திரும்பித் தன் அம்மாவைப் பார்த்த பார்வைக்கு நாங்கள் இருவரும் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், பிரிக்பீல்ட்ஸ்

வலைப்பந்துப் போட்டியொன்றில், தன் அணிக்குத் தவறாகக் கொடுக்கப்பட்ட புள்ளியை நடுவர் திரும்பப் பெறும்வரை ஆட மறுத்துக் கோட்டின்மேல் உட்கார்ந்த மாணவி ஒருத்தியை நான் பார்த்திருக்கிறேன். அவளை ஏசியவர்கள் அவளுடைய அணியினரே.

ஆயினும் பினாங்கு ஆசிரியையின் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. தராசனாவுக்குச் சென்றவர்கள் என்ன நேரும் என்பதை அறிந்து, உறுதிமொழி எடுத்து, தாங்களே முன்வந்தவர்கள். பேருந்தில் அகப்பட்டுக்கொண்ட 11 வயதுப் பையன் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. 1922-இல் வட இந்தியாவின் சௌரி சௌராவில் போராட்டக் கூட்டத்தால் காவலர்கள் எரித்துக் கொல்லப்பட்டபோது காந்தி ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்தினார், ஏனெனில் பயிற்சியில்லாத கூட்டத்தால் அகிம்சையைத் தாங்க முடியாது என்பதை அவர் கண்டார். கோழைத்தனமா வன்முறையா என்ற நிலை வந்தால் வன்முறையே மேல் என்று எழுதியவரும் அவர்தான். ஆகவே பிள்ளைகளுக்கு முதலில் அடியைத் தாங்கக் கற்பிக்காதீர்கள். அந்த இடத்தைவிட்டு விலகவும், பார்த்ததைப் பார்த்தபடி சொல்லவும், நண்பன் தனித்து நிற்கும்போது அருகே போய் நிற்கவும் கற்பியுங்கள். இவற்றை வீட்டில் வாய்விட்டுப் பேசிப் பழக்க வேண்டும். பாடநூலில் படித்தது மட்டும் பயம் வரும்போது நாவில் வராது. பெரியவர்களிடம் முறையிடுவது காட்டிக்கொடுப்பது ஆகாது என்பதையும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

ஒரு தாய், ஆயர் ஈத்தாம்

ஐயா, முறையிட்டால் பெரியவர்கள் கேட்பார்கள் என்று எண்ணுகிறீர்கள். பேருந்தில் தனக்கு நேர்ந்ததை என் மகன் வாய்மொழியாகச் சொன்னபோது யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு அவனே கட்டொழுங்கு ஆசிரியருக்குக் கடிதம் எழுதினான். பார்த்த நண்பர்களும் அதில் கையெழுத்திட்டார்கள். முதல் வரைவில் "அவன் கெட்டவன்" என்று இருந்தது. ஏன் அதை எடுக்க வேண்டும் என்று என்னிடம் வாதாடினான். அதை அவர்கள் மறுக்கலாம், நடந்ததை மறுக்க முடியாது என்றேன். அந்த வரியை அடித்துவிட்டு, பேருந்தின் எண்ணையும் நேரத்தையும் எழுதினான். ஆசிரியர் அதை நின்றபடியே படித்து முடித்து, கையெழுத்திட்ட பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து விசாரித்தார்.