பல்லாவரத்துக் கருங்கல் எந்த வகைப் பாறை?

கேள்வி:
வணக்கம். பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிகளில் கிடைக்கும் நீலம் கலந்த கருங்கல்லைச் சிலர் தீப்பாறை என்றும், சிலர் உருமாறிய பாறை என்றும் எழுதுகிறார்கள். எது சரி?

பதில் 1:
அதன் பெயர் சார்னோக்கைட். கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இவ்வகையைச் சேர்ந்தது என்பதால், புவியியலாளர் தாமஸ் ஹாலந்து 1893இல் அப்பெயரை இட்டார். அவர் இதைத் தீப்பாறையாகவே கருதினார். ஆனால், பாறைக்குழம்பு குளிர்ந்து உருவான பாறையும்கூடப் புவியோட்டின் ஆழத்தில் ஏறத்தாழ 700 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் அழுந்தும்போது, முழுவதும் உருகாமலேயே, அதிலுள்ள கருப்பு மைக்கா, ஹார்ன்பிளெண்டு ஆகிய கனிமங்கள் தம்முள் இருந்த நீரை இழந்து ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமமாக மாறிவிடுகின்றன. இதுவே உருமாற்றம். ஆகவே, இரு தரப்பும் ஒரே கல்லின் வெவ்வேறு பருவங்களைச் சொல்வதாகவே நான் கொள்கிறேன்.

பதில் 2:
இம்மாற்றத்தைக் கண்ணால் காண விரும்பினால் கர்நாடகத்தின் கப்பாளதுர்காவுக்குச் செல்லுங்கள். அங்கே நைஸ் என்னும் வரிவரியான சாம்பல்நிற உருமாறிய பாறைக்குள் கரும்பச்சைத் திட்டுகளாகச் சார்னோக்கைட் பரவி, மாற்றம் பாதியில் நின்றுபோயிருக்கிறது. எத்தனை அரிய காட்சி!

பதில் 3:
மாற்றம் அத்துடன் முடிவதில்லை. நிலத்தின் மேலே வந்த கல்லில் உள்ள பெல்ஸ்பார் என்னும் கனிமம் மழைநீரால் களிமண்ணாகிறது. எளிதில் சிதையாத குவார்ட்ஸ் என்னும் கனிமம் மணலாகி, கடலடியில் படிந்து இறுகினால் மணற்கல்லாகும்.