தெருப்பக்கம் மட்டும் ஈயக் குழாயை மாற்றுகிறார்கள், சம்மதிக்கலாமா?

மழைத்துளி:
எங்கள் தெருவில் பழைய மெயினை (தெருவில் ஓடும் பெரிய குடிநீர்க் குழாயை) எடுத்துவிட்டுப் புதிது போடப் போகிறார்கள். மெயினிலிருந்து மீட்டர் வரை இருக்கும் ஈயக் குழாயை அவர்களே மாற்றித் தருவார்களாம், மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் வருவது எங்கள் பொறுப்பாம். பாதியாவது ஒழிகிறதே என்கிறார்கள் வீட்டில், எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. கைக்குழந்தை இருக்கிறது, குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் பால் மாவு கரைக்கிறோம். முன்பு பரிசோதித்தபோது லிட்டருக்கு 4 மைக்ரோகிராம் வந்தது, பயப்பட வேண்டாம் என்றார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வால்வுக்காரன்:
முதலில் குழந்தை விஷயம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஈயம் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய அதே ஈயம் இன்னும் செறிவாகிறது. இன்றிலிருந்தே ஈயத்தை நீக்கும் என்று சான்று பெற்ற ஃபில்டர் (என்எஸ்எஃப் 53 என்று போட்டிருக்கும்) அல்லது ஆர்.ஓ. தண்ணீரில் பால் மாவு கரையுங்கள். ஹீட்டரிலிருந்து வரும் வெந்நீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீர்கள், சூடான நீரில் ஈயம் கூடுதலாகக் கரையும்.

பாதி மட்டும் மாற்றுவதற்குச் சம்மதிக்காதீர்கள். பல வருடமாக உள்சுவரில் படிந்திருக்கும் படலம், குழாயை அறுக்கும்போது ஏற்படும் அதிர்வில் உதிர்ந்து துகளாக வரும், இது வாரக்கணக்கில், சில வீடுகளில் மாதக்கணக்கில் நீடிக்கும். புதிதாகப் போடுவது செம்பு என்றால் அதுவும் ஈயமும் நேராகத் தொடும் இடத்தில் மின்வேதி அரிப்பு தொடங்கும், அரிபடுவது ஈயம்தான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் அறிவியல் ஆலோசனைக் குழுவே 2011இல், பாதி மாற்றுவதால் ஈயம் குறையும் என்று நம்ப ஆதாரம் போதாது, மாற்றிய கொஞ்ச நாளுக்குக் கூடவும் செய்கிறது என்று சொல்லிவிட்டது. ரோட்டைத் தோண்டி மூடுவதுதான் பெரிய செலவு, ஆள் வந்து தோண்டியிருக்கும் அன்றே உங்கள் பக்கத்தையும் சேர்த்துச் செய்யச் சொல்லி எழுதிக் கொடுங்கள். தவணையில் கட்ட வழி உண்டா என்றும் கேளுங்கள்.

கரைசல்:
பாதி வேலை கூடாது என்பது சரி. ஆனால் குழாயை மட்டுமே பேசினால் விஷயத்தில் பாதி விட்டுப்போகும், தண்ணீரின் வேதியியலும் அதே அளவு முக்கியம். 2014 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரம் ஆற்று நீருக்கு மாறியபோது அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட் சேர்க்கவில்லை. குழாய்கள் பழையவைதான், அதுவரை காப்பாற்றிய படலம் போய்விட்டது. வாஷிங்டனில் 2000இல் கிருமி கொல்லக் குளோரினை விட்டுக் குளோரமைனுக்கு (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) மாறினார்கள், படலம் கரைந்து ஈயம் ஏறியது. இரண்டு இடத்திலும் யாரும் புதிதாக ஈயக் குழாய் போடவில்லை! அதனால் மெயின் மாற்றும்போது நீர் ஆதாரமோ கிருமிநாசினியோ மாறுகிறதா, பாஸ்பேட் சேர்க்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். பிரிட்டனில் பெரும்பாலான குடிநீரில் பாஸ்பேட் சேர்த்தே ஈயத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள்.

தாமிரம்:
பாஸ்பேட் வேலை செய்யும், மறுக்கவில்லை, ஆனால் ஈயக் குழாய் மண்ணில் இருக்கும்வரை அதை நிறுத்தவே முடியாது. ஏரிகளில் பாசி பெருகும் என்று அமெரிக்காவின் மாடிசன் நகரம் அந்த வழியே வேண்டாமென்று 2001இல் தொடங்கி வீட்டுப் பக்கத்தையும் சேர்த்து எல்லா ஈயக் குழாய்களையும் எடுத்தது, உரிமையாளர் செலவில் ஒரு பங்கையும் தந்தது. அங்கேயே நெவார்க் நகரம் 2019இலிருந்து மூன்றே ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 23,000 இணைப்புகளை வீட்டுக்காரரிடம் காசு வாங்காமல் மாற்றியது. உரிமையாளர் கையெழுத்துக்குக் காத்திராமல் வேலை செய்ய நகரச் சட்டமே கொண்டுவந்தார்கள், இல்லையென்றால் வாடகை வீடுகள்தான் கடைசிவரை நின்றிருக்கும். "உன் பாதியை நீ பார்த்துக்கொள்" என்ற ஏற்பாட்டில் கையில் காசு இல்லாத வீட்டுக் குழந்தை ஈயத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். எனக்கு இதில் சமரசம் கிடையாது. தெருவாகச் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள்.

அந்த 4ஐ வைத்து நிம்மதி அடையாதீர்கள். ராத்திரி முழுக்க நின்ற தண்ணீரில் முதல் லிட்டர், குழாய் வாயிலும் சமையலறைப் பைப்பிலும் இருந்தது. வெளியே இருக்கும் ஈயக் குழாயில் நின்றது சில லிட்டர் கழித்துத்தான் வரும், அதனால்தான் 2024இல் வந்த அமெரிக்க விதி ஐந்தாவது லிட்டரையும் எடுக்கச் சொல்கிறது. துகள் உதிரும் நாளில் மாதிரி எடுத்தால் எண் எங்கேயோ போகும். குழந்தைகளுக்கு இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது.

மழைத்துளி:
எல்லாருக்கும் நன்றி. மீட்டருக்கு உள்பக்கம் இருக்கும் பைப்பைச் சாவியால் சுரண்டிக் காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டுகிறது. அப்படியானால் அது ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தானே, விட்டுவிடலாமா?

வால்வுக்காரன்:
காந்தம் ஒட்டினால் ஈயம் இல்லை, சரி. ஆனால் அது இத்தனை காலம் ஈயக் குழாய்க்கு அடுத்து இருந்திருக்கிறது, உள்ளே இருக்கும் துரு ஈயத்தைப் பிடித்து வைத்திருக்கும், பின்னால் மெல்ல விடும். அதையும் எடுத்துவிடுங்கள். வேலை முடிந்த அன்று எல்லாக் குழாய் வாயிலும் இருக்கும் வலையைக் கழற்றிவிட்டு, எல்லாவற்றையும் முழுசாகத் திறந்து அரை மணி நேரமாவது ஓட விடுங்கள். ஃபில்டரை ஆறு மாதம் நிறுத்தாதீர்கள், பிறகு ஒரு பரிசோதனை, அதில் ஐந்தாவது லிட்டரையும் சேர்த்து. குழந்தைக்கு ரத்தப் பரிசோதனையை மட்டும் அதுவரை தள்ளிப்போட வேண்டாம், இந்த வாரமே டாக்டரிடம் கேளுங்கள்.